இதயமும் மாத்திரையும் மாதம் ஒரு வேனும்

(மலேசியாவில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டமொன்றின் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, திருவிழா வேலைகளுக்கு நடுவிலும் மண்டபத்தை ஒதுக்கித் தந்த செயலவையினரே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, விடிந்தால் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்க வேண்டியிருந்தும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மண்டோர்மார்களே, தாமதமானாலும் வந்து சேர்ந்த மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, தாய்மார்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள்க.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். பீட்டா தடுப்பு மருந்து இதயத் தசைக்கு என்ன செய்கிறது, யாருக்கு ஆகாது, அதைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும். உங்கள் மருந்துப் பையில் அட்டெனொலோல், மெட்டோப்ரோலோல், பிசோப்ரோலோல் என்று ‘லோல்’ போட்டு முடிகிற பெயர் இருக்கிறதே, அதுதான் இது.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பார்கள். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் கொரோனரிக் குழாய் சுருங்கி இரத்த வரத்து குறைந்தால், தசை அந்த வரத்துக்குள் அடங்கி வேலை செய்ய வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் உடம்பு அட்ரினலின் என்ற பதற்றச் சுரப்பைக் கொட்டுகிறது. அது இதயச் செல்லின் மேலிருக்கும் பூட்டுகள் போன்ற பீட்டா-1 ஏற்பிகளில் ஒட்டியதும் செல்லுக்குள் கால்சியம் கூடுதலாக நுழைகிறது. துடிப்பு வேகமாகிறது, ஒவ்வொரு துடிப்பும் பலமாகிறது. ஆக்சிஜன் தட்டுப்பாடான இடத்தில் ஆக்சிஜன் செலவு ஏறுகிறது.

இன்னொன்று. இதயத்தின் இடது கீழறைத் தசைக்கு இரத்தம் பாய்வது பெரும்பாலும் அது தளரும்போதுதான். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு விநாடி. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தளர்வு. 120 ஆகிவிட்டால் துடிப்புக்கு அரை விநாடிதான், அதிலும் சுமார் பாதிதான் தளர்வு. நிமிடத்தில் 40 விநாடி இரத்தம் வாங்கிய தசைக்கு இப்போது 30 விநாடி. உட்சுவர்த் தசைதான் முதலில் பட்டினி கிடக்கும். நீளக் கழியைத் தூக்கிச் செம்பனைக் குலை வெட்டும்போது நெஞ்சு இறுகுவதும், மரத்தடியில் உட்கார்ந்தால் விடுவதும் இதனால்தான். மருந்து அந்த ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கும், தளர்வு நேரம் நீளும், உயிரைப் பறிக்கும் தாறுமாறான துடிப்பும் குறையும். குழாய் அடைப்பை மட்டும் அது திறக்காது.

இதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக் நம் பக்கம் வந்து போனவர், தெரியுமா? ஸ்காட்லாந்துக்காரர். மருத்துவம் படித்து முடித்தபோது தலைக்கு மேல் கடன். அதை அடைக்க 1947-இல் சிங்கப்பூர் வந்து, மன்னர் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1949-இல் அந்தக் கல்லூரி ராஃபிள்ஸ் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமானது. கடனுக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள் நம் தாத்தாமார் மட்டுமல்ல! (கைதட்டல்) அவருடைய தந்தை ஒரு சிறிய கார் விபத்துக்குப் பின் மாரடைப்பில் இறந்தார். பதற்றம் இதயத்தை என்ன செய்கிறது என்ற யோசனை மகனை விடவில்லை. மற்றவர்கள் இரத்த வரத்தைக் கூட்ட மருந்து தேடினார்கள். இவர் தேவையைக் குறைக்க மருந்து தேடினார். முதலில் செய்த ப்ரோனெத்தலோல் எலிகளுக்குக் கட்டி வரவழைத்ததால் கைவிடப்பட்டது. அடுத்து வந்ததுதான் ப்ரோப்ரனோலோல். 1988-இல் நோபல் பரிசு. விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் பாட்டி சொன்னபோது யாரும் பரிசு கொடுக்கவில்லை!

இரண்டாவது செய்தி. ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், மூச்சுக்குழாய் இறுகும். இனிப்புநீர்க்காரர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது, அதைக் கவனியுங்கள். நெஞ்சு வலிக்கும்போது இதைக் கூடுதலாக விழுங்கவே கூடாது. இது நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை அல்ல. வலி விடாவிட்டால் 999-ஐ அழையுங்கள். சீனாவில் சுமார் 46,000 நோயாளிகளிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பின் தொடக்கத்திலேயே மெட்டோப்ரோலோலை ஊசியில் ஏற்றியபோது மறு மாரடைப்பு குறைந்தது. ஆனால் இதயம் துவண்டு, இரத்த அழுத்தம் சரிந்து, அதிர்ச்சி நிலைக்குப் போனவர்கள் கூடினார்கள். யாருக்கு, எப்போது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது செய்தி. எல்லாவற்றையும் விட அவசரமானது. இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்ட இதயத்தில் ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகியிருக்கும். மருந்து போனதும் அட்ரினலின் அத்தனையிலும் ஒட்டும். நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்படி ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நம் ஆட்கள் ஏன் நிறுத்துகிறார்கள்? கொழுப்பெடுத்தா? இல்லை. மாத்திரை தீர்ந்துவிடுகிறது. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி. டவுனுக்குப் போய்வர அதைவிடப் பல மடங்கு, அத்தோடு ஒரு நாள் சம்பளமும் போச்சு. வருமானம் பார்த்துத்தான் மனிதன் செலவு செய்வான், விரலுக்கேற்ற வீக்கம்!

ஆகவே மாண்புமிகு அவர்களே, நிர்வாகத்தாரே, கேட்பது மாதம் ஒரு வேன். காலையில் லயத்திலிருந்து கிளினிக், மதியத்துக்குள் திரும்பிவிடலாம். மருந்து வாங்கப் போகிறவருக்கு அன்று சம்பளம் பிடிக்கக் கூடாது. பின்வாசல் மேசையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பெயர், லயத்தின் எண், மருந்து தீரும் தேதி மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். எழுத முடியாதவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.