பாட்டாவின் பெயர்

வணக்கம். ஜனவரி 30 காலை பதினோரு மணிக்குச் சங்கு ஊதும்போது இரண்டு நிமிடம் எழுந்து நிற்கிறோம் இல்லையா, எனக்கு அந்த நேரத்தில் காந்தியோடு சேர்ந்து இன்னொருவரும் நினைவுக்கு வருவார். என் அம்மையின் அப்பா. எங்கள் பாட்டா.

நாங்கள் களியக்காவிளைப் பக்கம். 1948 பிப்ரவரி 12 அன்று காந்தியின் அஸ்தியைக் கன்னியாகுமரிக் கடலில் கரைத்தபோது பாட்டாவும் போயிருக்கிறார். நாகர்கோவில் வரை பஸ், அப்புறம் நடை. அம்மைக்கு அப்போது ஒன்பது வயது. பாதி வழிக்கு மேல் பாட்டாவின் தோளில்தான் இருந்தாளாம். அந்தத் தோளில் ஒரு வெளுத்த தேமல் இருந்ததும், அதைக் கிள்ளினால் அப்பாவுக்கு வலிக்காது என்று தான் விளையாட்டாகக் கிள்ளியதும் அவளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அது தொழுநோய். அன்றைக்கு ஊரில் சொன்ன பெயர் பெருவியாதி. 1951இல் பாட்டாவை நூறநாட்டுத் தொழுநோய்ச் சானடோரியத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஊரில் கொழும்புக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அப்புறம் 1956 நவம்பர் 1 வந்தது. நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், நூறநாடு கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்துவிட்டது, இனி எப்படிப் போவது என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம். ஆனால் அந்தப் பக்கத்துச் சந்தைக்கும் கோயிலுக்கும் நாங்கள் ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை. போக வேண்டாம் என்று முடிவு செய்தது நாங்கள்தான், அதை ஒத்துக்கொள்ளத்தான் இன்றைக்கு இங்கே வந்தேன். அம்மையின் கல்யாணத்துக்கு அவர் இல்லை, அழைப்புக்கு அச்சடித்த கல்யாணக் குறியில் அவர் பெயரும் இல்லை. 1963இல் ஒரு கார்டு வந்தது. படித்துவிட்டு அடுப்பில் போட்டார்கள். பதினாறு கும்பிடவில்லை.

எனக்கு இதெல்லாம் தெரிந்ததே 1999இல்தான். இட்லிக் கொப்பரையின் ஆவி முழங்கையில் பட்டுத் தோல் பொத்துப்போயிருந்தது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, பிள்ளைதான் பார்த்துக் கத்தினான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் பஞ்சால் தொட்டுப் பார்த்தார், கண்ணை மூடச் சொல்லித் தொட்டுக் கேட்டார். மூன்று தேமல். மாதம் ஒரு அட்டை மாத்திரை, முதல் மாத்திரையை அவர்கள் முன்னாலேயே விழுங்க வேண்டும், அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்றார்கள். ஆறே மாதம். முழுக்க இலவசம், முழுக்க குணம். மருந்து தொடங்கியதுமே மற்றவருக்குப் பரவுவதும் நின்றுபோகும் என்று டாக்டர் சொன்னபோது பாட்டாவின் பன்னிரண்டு வருடம்தான் மனதில் வந்தது.

அந்த ஆறு மாதமும் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்று அப்போது சட்டமே இருந்தது, 2019இல்தான் அதை எடுத்தார்கள். அம்மையிடம் மட்டும் சொன்னேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள், அப்புறம்தான் பாட்டா கதையைச் சொன்னாள்.

காந்தி சேவாகிராமத்தில் பர்ச்சுரே சாஸ்திரி என்ற சமஸ்கிருதப் பண்டிதரைத் தன் குடிலுக்குப் பக்கத்திலேயே தங்க வைத்தார். அவருக்கும் இதே நோய்தான். புண்ணைக் கழுவி, உடம்பைத் தேய்த்துவிட்டது காந்தியே. காந்தி மறைந்த நாளைத்தான் இந்தியா தொழுநோய் ஒழிப்பு நாளாகவும் வைத்திருக்கிறது. அவர் சாம்பலைக் கும்பிடத் தோளில் பிள்ளையோடு நடந்தவரை அவருடைய வீடே கைவிட்டது. எனக்கு ஆறவே இல்லை, இத்தனை வருடமாகியும்.

2005 முடிவில் நாட்டளவில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஆனாலும் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் காட்டிவிடுங்கள், தாமதித்தால் நரம்பு போய்விடும், விரல் மடங்கிப்போனால் மாத்திரையால் மட்டும் நிமிராது.

போன வருடம் என் மகனுக்குக் கல்யாணம். குறி அடிக்கும்போது மேலே பாட்டா பெயரையும் போடச் சொன்னேன். அச்சகத்திலிருந்து வந்த முதல் குறியை அம்மையிடம் கொடுத்தேன். கண் சரியாகத் தெரியாது அவளுக்கு. எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள், விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன்.