பெரியப்பாவின் சாக்பீஸ்

(எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசியது. பேச்சின் போக்கை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம்.

எழுத்தை அழகாக எழுதும் கலையைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டபோது, கற்றுக்கொள்ள ஆரம்பித்தே ஒன்றரை வருடம்தான் ஆகிறது, நன்றாகத் தேர்ந்த ஒருவரைக் கூப்பிடுங்களேன் என்றேன். "வரப்போகிறவர்கள் எல்லாரும் புதியவர்கள். முதல் மாதத்தில் எங்கே தடுக்கும் என்பது உங்களுக்குத்தானே இன்னும் ஞாபகம் இருக்கும்" என்றார் செயலாளர். அது சரியாகப் பட்டது. வந்துவிட்டேன்.

காலிகிராஃபி என்கிறோம். தமிழில் எழுத்தணிக் கலை என்றும் வனப்பெழுத்து என்றும் சொல்கிறார்கள். அதில் பல வகை உண்டு. நான் பேசப்போவது ஒன்றைப் பற்றி மட்டும்: பட்டை நிப்பு வைத்த பேனாவால் தமிழ் எழுதுவது. ஆனால் என் பெரியப்பாவிடமிருந்து தொடங்கினால்தான் எனக்குப் பேச வரும்.

பெரியப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தார். பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன்னால் வாசல் கரும்பலகையில் அன்றைய குறளை எழுதி முடிப்பது அவர் பொறுப்பு. நானும் அங்கேதான் எட்டாவது வரை படித்தேன். அவர் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவதால் தினமும் அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுவேன். வேறு வேலை இல்லை. அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பையிலிருந்து ஒரு முழு சாக்பீஸை எடுப்பார். அதன் நுனியை வாசற்படிக் கல்லில் ஒரே பக்கமாக நாலைந்து தடவை தேய்ப்பார். திருப்பி மறுபக்கமும் தேய்ப்பார். உருண்டையாக இருந்த நுனி உளி மாதிரிப் பட்டையாகிவிடும். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பலகையில் வைப்பார். மேலிருந்து இறங்கும் கோடு அகலமாக விழும். அதே கை பக்கவாட்டில் போகும்போது கோடு மெலிந்துவிடும். வளைவுகளில் எங்கே பருக்கிறது, எங்கே இளைக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டே போகும். குறளின் முதல் அடியில் 4 சீர், இரண்டாவதில் 3. அந்த மூன்றும் கீழே அந்தரத்தில் தொங்காமல் உட்கார எவ்வளவு இடம் விட்டுத் தொடங்க வேண்டும் என்பது அவருக்கு அளவுகோல் இல்லாமலே தெரியும். அந்த வயதில் இதையெல்லாம் நான் இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் படிப்பு, வேலை, கம்ப்யூட்டர். கையால் எழுதுவது கையெழுத்துப் போடுவதோடு நின்றுபோனது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பெரியப்பாவின் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகை உறைகளில் பெயர்களை அழகாக எழுதித் தருகிறேன் என்று நானாகவே முன்வந்தேன். முதலில் ஒரு பெயரைப் பென்சிலால் தடித்த எழுத்தாக வெளிக்கோடு போட்டேன். உள்ளே கறுப்பு மையை நிரப்பினேன். ஓரம் பிசிறிய இடங்களைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தேன். ஒரு உறைக்கு இருபது நிமிடம் ஆனது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது படம்லா ஏளா. எழுத்து எங்க?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் பேத்தியின் கலர் பென்சில் டப்பாவிலிருந்து இரண்டு பென்சிலை எடுத்து, ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'ட' எழுதினார். இரண்டு முனைகளும் இரண்டு கோடுகளை இழுத்தன. இறங்கும்போது கோடுகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. வலப்பக்கம் திரும்பியதும் அந்த இடைவெளி குறுகியது. "நீ வரைஞ்சிருக்க. வரையாத, எழுது. கையத் திருப்பாம எழுதினா தடிப்பும் மெலிவும் தானா வரும்" என்றார். எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. இன்றுவரை அதற்கு மேலான பாடம் கிடைக்கவில்லை.

பிறகு நூல்களைத் தேடிப் படிக்கும்போது லண்டனில் வாழ்ந்த ஒருவரின் கதை கிடைத்தது. எட்வர்ட் ஜான்ஸ்டன். 1872-இல் பிறந்தவர், மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் காலத்தில் இங்கிலாந்தில் அலங்கார எழுத்து என்றால் நான் உறையில் செய்த அதே வேலைதான்: வெளிக்கோடு போடுவது, உள்ளே வண்ணம் நிரப்புவது. ஜான்ஸ்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த பழைய கையெழுத்துச் சுவடிகளை உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தார். அந்த எழுத்துகளின் தடிப்பும் மெலிவும் யாரும் வரைந்து கொண்டுவந்தவை அல்ல, பட்டையாகச் சீவிய இறகுப் பேனாவை ஒரே சாய்வில் பிடித்து எழுதியதால் தாமாக வந்தவை என்று கண்டுகொண்டார். 1899-இல் லண்டனில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். 1906-இல் அவர் எழுதிய பாடநூல் வந்தது. லண்டன் பாதாள ரயில் பலகைகளில் இருக்கிற எழுத்துக்கு 1916-இல் உருவம் கொடுத்தவரும் அவர்தான். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் ஆங்கில காலிகிராஃபி வகுப்புகளில் பெரும்பாலானவை அவர் போட்ட பாதையில்தான் போகின்றன. பெரியப்பா அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. வாசற்படியில் சாக்பீஸைத் தேய்த்தபோது அவர் செய்ததும் அதேதான்.

சரி, சாய்வு என்றால் என்ன? நிப்பின் விளிம்பு, எழுதும் கோட்டோடு எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பது. ஜான்ஸ்டனின் அடிப்படை எழுத்துக்கு 30 டிகிரி. 4 மி.மீ. நிப்பை அந்தச் சாய்வில் பிடித்து 'ட' எழுதினால், நிமிர்ந்த கோடு ஏறக்குறைய மூன்றரை மி.மீ. அகலம் வரும். படுத்த கோடு 2 மி.மீ., அதாவது நிப்பின் அகலத்தில் சரிபாதி. சாய்வை 45-க்கு மாற்றினால் இரண்டு கோடும் ஒரே அகலமாகிவிடும், 'ட' உயிரில்லாமல் நிற்கும். இதை நம்பாவிட்டால் வீட்டுக்குப் போய் இரண்டு பென்சிலைக் கட்டி எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நான் முதல் மூன்று வாரமும் பேனாவைத் தொடவே இல்லை, பென்சில்தான். ட, ப, ம மூன்று எழுத்து மட்டும். கை தன்னையறியாமல் திரும்பினால் இரட்டைக் கோடு உடனே காட்டிக்கொடுத்துவிடும். பேனாவில் அது அவ்வளவு எளிதாகத் தெரியாது.

பேனாவுக்கு வந்த பிறகுதான் தமிழுக்கே உரிய சிக்கல்கள் தொடங்கின. ஆங்கிலப் பாடங்களில் எழுத்தின் உயரம் நிப்பின் அகலத்தைப் போல 4 மடங்கு என்று இருக்கும். அப்படியே எடுத்துக்கொண்டு மூணு சுழி ண எழுதினேன். சுழிகள் மூன்றும் மையில் அடைத்துக்கொண்டன. ண-வா கறுப்புத் திட்டா என்று தெரியவில்லை. ஒரு வாரம் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கையில் குறையில்லை, அளவில்தான் குறை. இப்போது நான் 6 மடங்கு, சில சமயம் 7 மடங்கு உயரத்தில் எழுதுகிறேன். சுழிகளுக்குள் வெள்ளை தெரிகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஒரு வாரம் மிச்சம்.

இன்னொன்று, கையை எடுப்பது. பள்ளிக்கூடத்தில் 'அ'வைச் சுழியில் தொடங்கிக் கையை எடுக்காமல் ஓட்டிவிடுவோம். பந்துமுனைப் பேனா எந்தப் பக்கமும் உருளும். பட்டை நிப்பு அப்படியில்லை. இழுத்தால் வரும், எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் தாளின் நாரில் குத்தி மை தெறிக்கும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் எங்கே உடைப்பது, எந்தத் துண்டை முதலில் இழுப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு இது அம்புக்குறி போட்டு எல்லாப் பயிற்சி நூலிலும் இருக்கும். தமிழில் எனக்கு அப்படி ஒரு பொதுமுறை கிடைக்கவில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது.

நம் முன்னோர் எழுதியது ஓலையில். இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி. இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு சிறு பள்ளம் வெட்டி, அதில் எழுத்தாணியை ஊன்றிக்கொள்வார்கள். எழுத்தாணியின் முனை கூர்மை, கீறல் எந்தப் பக்கம் போனாலும் ஒரே பருமன். கீறி முடித்ததும் கரியோ மஞ்சளோ பச்சிலைச் சாறோ பூசித் துடைத்தால் எழுத்து தெரியும். அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஓலையால்தான் தமிழெழுத்து வட்டமானது என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. இத்தனை நூற்றாண்டு ஓலையில் எழுதிய பிறகும் ட, ப, ம நேர்க்கோடாகத்தானே நிற்கின்றன? எப்படியானாலும், தடிப்பும் மெலிவுமாகப் பட்டைப் பேனாவால் எழுதுவது நமக்குப் புதிய பழக்கம். பழைய அழகு வேறிடத்தில் இருக்கிறது. முடிந்தால் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய், அடித்தளத்தில் ஓடும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு வரிகளின் முன் கொஞ்ச நேரம் உட்காருங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வரி எப்படிச் சீராக ஓடுகிறது, எழுத்துக்கு எழுத்து எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கை அது.

புள்ளியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பட்டை நிப்பில் புள்ளி வட்டமாக வராது, சாய்சதுரமாக வரும். வட்டமாக்க முயலாதீர்கள். அந்தச் சாய்சதுரம் எல்லாம் ஒரே சாய்வில் வரிசையாக விழும்போது தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு தனி அழகு வருகிறது. 

பேனா, மை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஓவியக்காரர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையை மை நிரப்பி எழுதும் ஊற்றுப் பேனாவில் ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் அரக்கு காய்ந்து குழாயை அடைத்துவிடும். நான் ஒரு நல்ல பேனாவை இப்படித்தான் இழந்தேன். தொட்டு எழுதும் நிப்புக்கு அந்த மை நன்றாக இருக்கும். மற்றபடி கடையில் கிடைக்கும் பட்டை முனை ஸ்கெட்ச் பேனாவே ஆறு மாதத்துக்குப் போதும். தாள் கொஞ்சம் கனமாக, மை ஊறாததாக இருக்கட்டும்.

பெரியப்பாவின் பீரோவில் ஒரு பழைய நோட்டு இருந்தது. இளவயதில் நண்பர்களோடு நடத்திய கையெழுத்துப் பத்திரிகைக்குத் தலைப்புகள் எழுதிப் பழகிய நோட்டு. அதில் ஒரு பக்கம் முழுக்க 'திருவண்ணாமலை' என்ற ஒரே சொல். ஏன் இந்தச் சொல் என்று முதலில் புரியவில்லை. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதில் வரும் 'ணா'வும் 'லை'யும் பழைய வடிவம். 'ணா'வுக்குத் தனியாகத் துணைக்கால் கிடையாது, ண-வின் கடைசிக் கோடே கீழே இறங்கிச் சுழித்துக்கொள்ளும். 'லை'யின் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு. 1978-இல் தமிழக அரசு, பெரியார் 1935 முதல் தம் ஏட்டில் பயன்படுத்திவந்த சீர்திருத்தத்திலிருந்து எடுத்து, ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகளை மற்ற எழுத்துகளின் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் படிக்கிற குழந்தைக்கும் அது பெரிய உதவி, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அந்த இரண்டு வளைவுக்காகத்தான் பெரியப்பா இந்தச் சொல்லை எடுத்திருக்கிறார். பட்டை முனைக்கு அவ்வளவு தோதான வளைவுகள் அவை. அரசாணை வந்த பிறகு பள்ளிப் பலகையில் புதிய எழுத்துதான் எழுதினார். வீட்டுக் கணக்கு நோட்டில் மட்டும் எப்போதும் 'விலை'க்குத் தும்பிக்கை உண்டு. நானும் இப்போது திருவண்ணாமலையை எழுதிப் பழகுகிறேன். முன்னூறு தடவையாவது எழுதியிருப்பேன். 'லை'யின் தும்பிக்கை இறங்கும் இடத்தில் இன்னும் ஒரு தயக்கம் தெரிகிறது.

அவருக்கு இப்போது 84 வயது. கை நடுங்குகிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது என் பேனாக்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்றை வாங்கித் தாளில் வைத்தார். மை சொட்டிவிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டு, "சாக்பீஸ் இருக்கா?" என்றார். பெரியம்மா எங்கிருந்தோ ஒரு துண்டு தேடிக் கொண்டுவந்தார். திண்ணை ஓரத்தில் தேய்த்தார், திருப்பித் தேய்த்தார். "உனக்கு எந்த எழுத்து வரமாட்டேங்கு?" என்று கேட்டார்.

"ழ வரல பெரியப்பா. கீழ வால் திரும்புற இடத்துல மை தெறிக்கி."

சிமெண்டுத் தரையில் ஒரு சாண் உயரத்துக்கு ழ எழுதினார். கோடு முழுக்க நடுக்கம். ஆனால் சாக்பீஸின் சாய்வு தொடங்கியது முதல் முடியும்வரை மாறவே இல்லை. நான் கவனித்தது இன்னொன்றை. மேலுடம்பை முடித்ததும் கையை எடுத்துவிட்டார். மூச்சு விட்டார். அப்புறம் வாலை மட்டும் தனியாக, மேலிருந்து கீழே இழுத்துச் சேர்த்தார். நான் ஆறு மாதமாக அதை ஒரே ஓட்டமாக ஓட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து திரும்பிய அன்று ராத்திரியே அப்படி எழுதிப் பார்த்தேன். தெறிக்கவில்லை.

பின்னால் மேசையில் பென்சில்களும் ரப்பர் பேண்டும் வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். முனைகள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி இறுக்கிக் கட்டுங்கள். 'ட'விலிருந்து ஆரம்பிக்கலாம்.