ஏழு பேர் ஸ்க்ரம்: 1905 நியூசிலாந்து ரக்பி பயணம்

நேயர்களுக்கு வணக்கம். 1905 டிசம்பர் 16, வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் மைதானம். நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் பந்தோடு வேல்ஸின் கோல் கோட்டில் விழுகிறார். சற்றுப் பின்தங்கி ஓடிவந்த நடுவர் ஜான் டல்லாஸ், பந்து கோட்டுக்கு இப்பால் கிடப்பதைக் கண்டு ட்ரை (கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) இல்லை என்கிறார். கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துவிட்டேன், பிறகுதான் என்னை இழுத்தார்கள் என்பது டீன்ஸின் வாதம். வேல்ஸ் 3, நியூசிலாந்து 0. இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அதை விட்டுவிடுவோம். ஆட்டம் கைநழுவியது ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியின் முன்னணி வீரர்களும் குனிந்து பூட்டிக்கொண்டு நடுவே உருட்டிவிடும் பந்துக்காகத் தள்ளும் இடத்தில், என்பது என் கணிப்பு.

நியூசிலாந்து அணி பிரிட்டன் பயணத்துக்காக ஜூலை 30 அன்று ரிமுடாகா கப்பலில் வெலிங்டனை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 8-இல் பிளிமத் சேர்ந்தது. எட்டே நாளில் எக்ஸெட்டரில் முதல் ஆட்டம்: டெவன் மாவட்ட அணியை 55-4 என்று நொறுக்கினார்கள்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் அணிகளின் முன்னணி வீரர்கள் எட்டுப் பேர். யார் முதலில் வந்து சேர்கிறாரோ அவரே முன்வரிசையில் குனிவார். நியூசிலாந்துக்காரர்களோ ஒவ்வொருவருக்கும் இன்ன இடம் என்று வைத்திருந்தார்கள். ஸ்க்ரம்மில் ஏழே பேர்: முன்னால் 2, நடுவில் 3, பின்னால் 2. நடுவரிசையின் நடு ஆள் முன்னவர்கள் இருவரையும் சேர்த்துத் தள்ளுவதால் அமைப்பு ஆப்பு மாதிரி இறங்கும். காலில் பட்ட பந்து சட்டென்று பின்னால் வந்துவிடும்.

மிஞ்சிய எட்டாவது ஆள் அணித்தலைவர் டேவ் கல்லஹர். பந்தை ஸ்க்ரம்மில் உருட்டிவிட்டு அவர் பக்கத்திலேயே நிற்பார். பந்து பின்னால் வரும்போது அதை எடுக்கும் தன் அணி ஆளுக்கும், பாய்ந்து வரும் எதிரணி ஆளுக்கும் நடுவே அவர் உடம்பு இருக்கும். இது வழிமறிப்பு என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்தன, நடுவர்கள் பெனால்டி கொடுத்தார்கள். கல்லஹர் முழங்காலுக்குக் கீழே காப்பு கட்டி ஆடியது சும்மா இல்லை.

வேல்ஸ் இதைப் பாடமாகவே படித்துவிட்டு வந்தது. தானும் ஏழு பேரை மட்டும் ஸ்க்ரம்மில் விட்டு, எட்டாவதாக கிளிஃப் பிரிட்சார்டை வெளியே நிறுத்தியது. நியூசிலாந்தின் முன்னவர் இருவரும் குனிந்து பூட்டிக்கொள்ளும்வரை காத்திருந்து, பந்து வரும் பக்கத்தில் தன் ஆளின் தலை வெளியே இருக்கும்படி இறங்கியது. முன்வரிசையில் வேல்ஸின் மூன்று பேருக்கு எதிரே நியூசிலாந்தின் இரண்டு பேர். பந்துக்குக் கிட்டே இருக்கும் தலை வேல்ஸுடையது. போதாக்குறைக்கு, பந்தை நேராக உருட்டவில்லை என்று கல்லஹருக்கு எதிராகப் பெனால்டி மேல் பெனால்டி. ஆப்பு மழுங்கிப்போனது.

ட்ரை வந்த விதமும் அதே கணக்குத்தான். வேல்ஸின் டிக்கி ஓவன் வலப்பக்கம் போவதுபோல் பாவனை காட்டி, இடப்பக்கம் நீளமாக எறிந்தார். வாங்கியவர் அந்த வெளியாள் பிரிட்சார்ட். அவரிடமிருந்து ரீஸ் கேப், அவரிடமிருந்து டெடி மார்கன், மூலையில் ட்ரை. அன்று ட்ரைக்கு 3 புள்ளிதான், இன்றுபோல் 5 இல்லை.

களைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கார்டிஃப் ஆட்டம் பயணத்தின் 28-ஆவது; 92 நாளில் 28 ஆட்டம்! மாற்று ஆட்டக்காரர் விதியே கிடையாது, அடிபட்டவர் வெளியேறினால் 14 பேரோடு ஆட வேண்டியதுதான். துணைத்தலைவர் பில்லி ஸ்டெட் அன்று களமிறங்கவில்லை.

அதன் பிறகும் வேல்ஸ் விடவில்லை. இரண்டே வாரத்தில் அங்கே இன்னும் நான்கு ஆட்டங்கள், நான்கிலும் வென்றது நியூசிலாந்துதான்: கிளமோர்கன் 9-0, நியூபோர்ட் 6-3, கார்டிஃப் 10-8, ஸ்வான்சீ 4-3. ஸ்வான்சீ ஒரு ட்ரை போட்டது. நியூசிலாந்துக்கு ட்ரையே இல்லை. பில்லி வாலஸ் உதைத்த டிராப் கோலுக்கு (பந்தைத் தரையில் விட்டு, எழும்போது கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அப்போது 4 புள்ளி என்பதால் தப்பித்தார்கள். ஒருநாள் இடைவெளியில் பாரிஸ் போய், 1906 ஜனவரி 1 அன்று, பிரான்ஸ் ஆடிய முதல் டெஸ்டில் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்) 38-8 என்று வென்றார்கள்.

35 ஆட்டங்களில் தோல்வி அந்த ஒன்றுதான். 2-3-2 ஸ்க்ரம்மை நியூசிலாந்து அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு கைவிடவில்லை. முன்வரிசையில் மூவர் நிற்க வேண்டும் என்று 1930-களின் தொடக்கத்தில் விதி வந்த பிறகே அது ஒழிந்தது.