கண்ணைச் சிமிட்டச் சொன்னால் ஆச்சி சிமிட்டுவாளா? | ஆரியங்காவு வ்லாக்

வணக்கம் மக்களே. மைக்கில் மழைச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோட்டவாசல் தாண்டினாலே இந்த மாதம் மழைதான். இன்றைக்குப் பிரானூர் பரோட்டா இல்லை, சாயாவுக்கு மார்க் இல்லை, அருவியும் இல்லை. முழுக்க வயிற்றெரிச்சல், ஆச்சியின் பென்ஷன் சர்டிபிகேட்டுக்கு அலைந்த கதை. நடுவில் ஒரு நல்ல சேதி வரும், அதற்காகவாவது உட்காருங்கள்.

ஆச்சியை உங்களுக்குத் தெரியும். கூட்டாஞ்சோறு வீடியோவில் "உப்புப் போடத் தெரியாதவளுக்கு எதுக்குட்டி சேனலு" என்று கேட்டவள். அம்மாவின் பெரியம்மா. தாத்தா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன். 1904-இல் திறந்த கொல்லம் - செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையில், இந்த மலைக்குகைப் பக்கம்தான் கடைசிவரை வேலை. 2010-இல் அந்தப் பாதையை மூடியதையும், 2018-இல் அகலப் பாதையாகத் திறந்ததையும் பார்க்க அவர் இல்லை. ஆச்சிக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. வீடு இந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவில், பேங்க் அந்தப் பக்கம் தமிழ்நாட்டில்.

ரயில்வே மாதிரி மத்திய அரசுப் பென்ஷன்காரர் இருக்கிற வீட்டில் நவம்பர் என்றால் லைஃப் சர்டிபிகேட்தான். நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருடா வருடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பணம் நிற்கும். பிறகு கொடுத்தால் நிலுவையோடு வந்துவிடும், இல்லையென்று சொல்லவில்லை. அதுவரைக்கும் பிரஷர் மாத்திரைக்குக் காசு?

2014-இல் ஜீவன் பிரமாண் என்று டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட் கொண்டுவந்தார்கள். விரல் வைத்தால் போதும், பேங்குக்குப் போக வேண்டாம். 2021 முதல் விரலும் வேண்டாம், ஃபோனில் முகத்தைக் காட்டினால் போதும். இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். எண்பது வயது ஆளைப் புளியரை எஸ் வளைவில், ஐயப்ப சாமிமார் வண்டி வரிசைக்கு நடுவே பஸ்ஸில் உட்கார வைத்துக் கூட்டிப் போவதற்கு இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் ஆச்சியின் கட்டைவிரலைப் பார்த்திருக்கிறீர்களா? இதோ, குளோசப் போடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பீடி சுற்றிய கை. இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி உருட்டி ரேகையே மழுங்கிவிட்டது. நெல்லை, தென்காசிப் பக்கம் பீடித் தட்டோடு உட்கார்ந்த எத்தனையோ பேருடைய கை இப்படித்தான். கொல்லத்தில் அண்டித் தொழிற்சாலைக்குப் போன பெண்களுக்கு முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டே விரல் தோல் வெந்து உரியும். உழைக்காத விரலாக இருந்தால்தான் அந்த மெஷினுக்குப் பிடிக்கும்போல.

சரி, முகம். உயிருள்ள முகம்தானா என்று பார்க்க ஆப் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். கண் புரை ஆபரேஷன் செய்த கண். "சிமிட்டுங்க ஆச்சி" என்றால் முறைக்கிறாள். "ஏட்டி, உசுரோடதான இருக்கேன்? இந்த வயசுல எவனப் பாத்துக் கண்ணடிக்கச் சொல்லுத?"

இதெல்லாம் நடந்தது ஒரு பிரவுசிங் சென்டரில். எங்கே என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். வேலை நடக்கவில்லை. சர்டிபிகேட் வரவில்லை. அதற்கு 150 ரூபாய்! "ட்ரை பண்ணினதுக்கு சார்ஜ்" என்கிறார். தையல்கடையில் சட்டையைத் தைக்காமல் துணியைத் தடவிப் பார்த்ததற்குக் கூலி கேட்பார்களா? 150 ரூபாய்க்கு எனக்கு இரண்டு பரோட்டாவும் சால்னாவும் ஒரு நன்னாரி சர்பத்தும் வந்திருக்கும். ஆச்சி முந்தியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள், நான் தடுக்கிறேன், அவர் என் கையைத் தாண்டி வாங்கிப் போட்டுக்கொள்கிறார். பில்? கிடையாது. இதை நான் விடப்போவதில்லை. வீட்டில் எல்லாரும் விடு விடு என்கிறார்கள்.

அடுத்து பேங்க். ஆட்டோ வைத்துப் போனோம். ஆச்சி கவுன்டருக்கு நேர் எதிரே நிற்கிறாள். மூச்சு விடுகிறாள், இருமுகிறாள், குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. உள்ளே இருந்த தம்பி தலையைத் தூக்காமல், "சிஸ்டம் எடுக்கல பாட்டி, ஆன்லைன்ல போட்டுட்டு வாங்க" என்றான். பின்னால் பெரிய வரிசை, அவன் ஒருத்தன், அதையும் பார்த்தேன். இருந்தாலும் கேட்கிறேன், நிமிர்ந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பேப்பர் ஃபாரத்தை நிரப்பி அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழைய வழி இன்னும் செல்லும். மனிதன் கண்ணால் பார்த்து "ஆமாம், இருக்கிறார்" என்று எழுதுவதை யாரும் ரத்து செய்யவில்லை. அந்த அதிகாரம் கையில் இருப்பதையே மறந்துவிட்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது? என் கோபம் மெஷின் மேல் இல்லை மக்களே. அது தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லிவிடுகிறது.

இப்போது நல்ல சேதி. ஆரியங்காவு தபால்காரச் சேச்சி. அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் பேங்க் மூலமாக வீட்டுக்கே வந்து இதைச் செய்து தருகிறார்கள், கட்டணம் 70 ரூபாய். எழுபது! வேலை முடிந்தால் எழுபது, முடியாததற்கு நூற்றைம்பது, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சேச்சி வந்ததும் ஃபோனை எடுக்கவில்லை. கட்டன் சாயா குடித்தார், தாத்தாவின் ஃபோட்டோவைப் பார்த்தார், ஆச்சியை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தி உட்கார வைத்தார். விரல் வைத்துப் பார்த்தார், எடுக்கவில்லை. முகம் காட்டினார், ஆச்சி பழையபடி முறைத்தாள். அப்போது சேச்சி சாதாரணமாக, "அம்மச்சி, கெட்டியோன்டெ பேரெந்தா?" என்று கேட்டார். புருஷன் பேரை ஆச்சி இந்த ஜென்மத்தில் சொன்னதில்லை. வெட்கம் வந்து கண்ணை இறுக்க மூடி, திறந்து, "போட்டி அங்கிட்டு" என்றாள். சிக்கியது! கொஞ்ச நேரத்தில் மெசேஜும் வந்துவிட்டது. நான் இதைப் படம் எடுக்கவில்லை, கைதட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். கேரளம் 2025 ஆகஸ்டில் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்தது, ஞாபகம் இருக்கிறதா? திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறைப் பஞ்சாயத்தில் தொடங்கிய முயற்சி அது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே போய், தன்னார்வலர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மாநிலம் முழுக்க 21 லட்சம் பேருக்கு மேல். ஆப்பை இறக்கிவிட்டுப் போகாமல் ஆளையும் கூட அனுப்பினார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு ஸ்பான்சர் மெயில். முதியவர்களோடு அன்பாகப் பேசும் ஏஐ ஆப்பாம், ஆச்சியை வைத்து வீடியோ போட வேண்டுமாம். முடியாது என்று பதில் போட்டாச்சு. கம்ப்யூட்டர் படித்த என் தம்பி ஒன்று சொன்னான். 1966-லேயே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலைசா என்று ஒரு ப்ரோக்ராம் எழுதினாராம். நாம் சொல்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அதோடு பேச உட்கார்ந்த அவருடைய செக்ரட்டரி, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரையே அனுப்பிவிட்டாராம். எழுதியவரே மிரண்டுபோய், பிற்காலத்தில் மனசாட்சியும் இரக்கமும் வேண்டிய முடிவுகளைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்காதீர்கள் என்று வாதாடினார். ஆச்சிக்குப் பேச்சுத்துணை வேண்டும்தான். அதற்கு நான் இருக்கிறேன், பக்கத்து வீட்டு லில்லிக்குட்டி என்ற பெயருள்ள ஆடு இருக்கிறது. ஆடு ஆச்சியின் முருங்கையைத் தின்னும், ஆச்சி திட்டுவாள். அந்தச் சண்டையை எந்த ஆப் போடும்?

சரி, கமெண்டில் கேட்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எண்பது தாண்டிய மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். மற்றவர்களுக்கு நவம்பர் 30 வரை. ஆதார் எண், பிபிஓ எண் (பென்ஷன் உத்தரவில் இருக்கும்), அக்கவுண்ட் எண், மெசேஜ் வர ஒரு ஃபோன், இவ்வளவு போதும். வரும் மெசேஜை அழித்துவிடாதீர்கள். உங்கள் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் வீட்டுக்கே வருவார், வந்தால் சாயா கொடுங்கள். யாராவது ஜெராக்ஸ் பத்து காப்பி எடுத்து வா என்றால் அந்தக் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.