படகை இறக்குவதற்கு முன் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை

[காட்சி: ராம்பின் மேல்பக்கம். கார், பின்னால் டிரெய்லர், அதன் மேல் படகு.]

டிரெய்லரில் இழுத்து வந்த படகை இரண்டு பேர் சேர்ந்து தண்ணீரில் இறக்குவது எப்படி என்று பார்க்கலாம். ராம்ப் என்பது கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் கான்கிரீட் சரிவு. நன்றாகக் கார் ஓட்டுகிறவர்கள்கூட அங்கே வந்ததும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கையை ஆட்டுகிறார், அது 'வா'வா 'நில்'லா என்று மற்றவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான் காரணம். அதனால் சரிவில் இறங்கும் முன்பே, மேலே சமதரையில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுங்கள்.

முதலில் பிளக். படகின் பின்தலையில், அடியில், மழைத்தண்ணீர் வடிய ஒரு ஓட்டை இருக்கும், அதை அடைக்கிற சின்னத் திருகுதான் பிளக். 25 மில்லிமீட்டர் அகல ஓட்டை நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே திறந்து கிடந்தால் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் உள்ளே வரும். எங்கள் படகில் ஒருமுறை இது நடந்தது. நான் போட்டிருப்பேன் என்று என் மனைவி நினைத்திருக்கிறாள், அவள் போட்டிருப்பாள் என்று நான் இருந்துவிட்டேன், கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒருவர் திருகுவது, மற்றவர் குனிந்து விரலால் தொட்டுப் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். "போட்டாச்சா?" "போட்டாச்சுங்க" என்று வாயால் கேட்டுக்கொள்வது போதாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

[காட்சி: பிளக்கின் மேல் ஒரு விரல், நெருக்கத்தில்.]

அப்புறம், சாமான்களை ஏற்றுங்கள், உயிர்காப்பு அங்கியை இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள், பின்தலையை டிரெய்லரோடு கட்டியிருக்கும் பட்டைகளை அவிழ்த்துவிடுங்கள். அணியத்தில், அதாவது படகின் முன்தலையில், இருக்கும் வின்ச் பட்டையையும் பாதுகாப்புச் சங்கிலியையும் மட்டும் தொடாதீர்கள். வின்ச் என்பது டிரெய்லரின் முன்னால் இருக்கும், கைப்பிடியால் சுழற்றிப் பட்டையை இழுக்கிற உருளை. அவற்றை மேலேயே கழற்றிவிட்டால் சரிவில் இறங்கும்போது படகு வழுக்கி கான்கிரீட்டில் விழும். அணியத்தில் ஒரு கயிறு, பின்தலையில் ஒரு கயிறு கட்டி, உரசாமல் இருக்க மிதவைகளைத் தொங்கவிடுங்கள். அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்தலையில் வெளியே மாட்டியிருக்கும் எஞ்சின், தூக்கிய நிலையிலேயே இருக்கட்டும். டிரெய்லர் விளக்குகளின் மின் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்து முடிக்கும் நேரம் சக்கரங்களுக்கும் நல்லது. நெடுந்தூரம் ஓடிய சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீலின் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் கெட்டுப்போய் ஒருநாள் நடுவழியில் சக்கரம் இறுகிப்போகும். ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியின், மேல் கைவைத்துப் பாருங்கள், சுடாவிட்டால் இறங்கலாம்.

சரி, இப்போது சைகை. ஒருவர் காரை ஓட்டுவார், மற்றவர் வெளியே துணைக்கு நின்று கையால் காட்டுவார். மூன்றே மூன்று போதும். கையைத் தன் பக்கம் மடக்கி அசைத்தால் வா. கையை நீட்டிக் காட்டினால் டிரெய்லரின் பின்பக்கம் அந்தத் திசைக்குப் போக வேண்டும். இரண்டு கையும் தலைக்கு மேலே போனால் நில். இடது, வலது என்று சொல்லவே வேண்டாம், ஏனென்றால் யாருடைய இடது, யாருடைய வலது என்ற குழப்பம் வந்துவிடும். "மேடைப் பக்கம்" (படகைக் கட்டும் துறைமேடை), "மரத்துப் பக்கம்" என்று இடத்தைச் சொல்லுங்கள். இதையெல்லாம் விட முக்கியமான விதி ஒன்று உண்டு: துணைக்கு நிற்பவர் கண்ணாடியில் தெரியாத அந்த நொடியே ஓட்டுபவர் பிரேக்கை மிதித்துவிட வேண்டும். துணைக்கு நிற்பவரும் ஓட்டுநர் பக்கம் சற்றுத் தள்ளி ஓரமாக நிற்கட்டும். டிரெய்லருக்கு நேர் பின்னால் ஒருபோதும் நிற்கக்கூடாது.

[காட்சி: ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் ஒரு கை.]

ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் நகர்கிறதோ டிரெய்லரும் அந்தப் பக்கம் போகும், மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். டிரெய்லர் குட்டையாக இருந்தால் இன்னும் மெதுவாக, அது சட்டென்று மடங்கிவிடும். கோணிக்கொண்டால் அங்கேயே போராடாமல் முன்னால் இழுத்து நேராக்கி மறுபடி வாருங்கள். யாரும் அவசரப்படுத்தினால் படுத்தட்டும், மூன்று தடவை முன்னே பின்னே போவதில் ஒரு குறையும் இல்லை.

எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது டிரெய்லரைப் பொறுத்தது. நீளமான கட்டைகளின் மேல் படகு உட்காரும் வகை என்றால், டிரெய்லர் மட்கார்டின் மேல்விளிம்பைத் தண்ணீர் தொடும் அளவு ஒரு தோராயக் கணக்கு. உருளைகள் உள்ள டிரெய்லருக்கு அவ்வளவு வேண்டாம். பின்தலை லேசாக மிதந்து ஆடத் தொடங்குவதைத் துணைக்கு நிற்பவர்தான் முதலில் பார்ப்பார், உடனே இரண்டு கையும் மேலே. காரின் பின்சக்கரம் பாசி படிந்த ஈரப் பகுதிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே பிடிப்பே இருக்காது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் ஓட்டுபவர் இறங்க வேண்டும். வழுக்காத செருப்போ ஷூவோ இருவர் காலிலும் இருக்கட்டும்.

இப்போது ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். படகு இன்னும் வின்ச்சோடு கட்டுண்டுதான் இருக்கிறது. உள்ளே எட்டிப் பாருங்கள். அடியில் தண்ணீர் சேர்ந்தால் காரை முன்னால் எடுத்து அப்படியே வெளியே இழுத்துவிடலாம். கொக்கியைக் கழற்றிய பிறகு அது முடியாது. பலர் தாண்டிப் போய்விடுகிற இந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

[காட்சி: துறைமேடையில் துணையாள், கையில் இரண்டு கயிறுகள்.]

உள்ளே ஈரமில்லை என்றால் துணைக்கு வந்தவர் அணியத்துக் கயிறு, பின்தலைக் கயிறு இரண்டையும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் போகட்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, காற்று படகைத் தள்ளினால் விரல் போய்விடும். மேடைக்கும் படகுக்கும் நடுவே காலையோ கையையோ விட்டு நிறுத்தப் பார்க்கவும் வேண்டாம், மிதவை எதற்கு இருக்கிறது! "பிடிச்சிருக்கேன்" என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் ஓட்டுபவர் வின்ச்சில் கை வைக்க வேண்டும். கைப்பிடியை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு பூட்டை விடுவித்து, பட்டையைத் தளர்த்தி, கொக்கியைக் கழற்றி, கடைசியாகச் சங்கிலி. கைப்பிடி நழுவிச் சுழன்றால் அதைப் பிடிக்கப் போகாதீர்கள், மணிக்கட்டு முறிந்துவிடும்.

லேசாக ஒரு தள்ளு, படகு பின்னோக்கி மிதந்து வெளியேறும், மேடையில் இருப்பவர் கயிற்றால் இழுத்துத் தன் பக்கம் அணைத்துக் கட்டிவிடுவார். ஓட்டுபவர் கட்டையை எடுத்துவிட்டு காரை மேலே கொண்டுபோய் ராம்பை அடுத்தவருக்கு விட்டுவிடலாம்.

திரும்பி வந்து இருவரும் ஏறியதும் எஞ்சினைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். பெட்ரோல் எஞ்சின் படகுக்குள்ளேயே மூடிய அறையில் இருக்கும் வகை என்றால், ஸ்டார்ட் செய்யும் முன் குறைந்தது 4 நிமிடம் ப்ளோயரை, அதாவது அந்த அறையின் காற்றை வெளியேற்றும் விசிறியை, ஓடவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். அவுட்போர்டு என்றால் ஸ்டார்ட் ஆனதும் பின்பக்கம் எட்டிப் பாருங்கள், சின்னத் துளை வழியாகத் தண்ணீர் கம்பிபோல் பீய்ச்ச வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் எஞ்சினுக்குள் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அது வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். வந்தால், மேடைக் கயிற்றை அவிழ்க்கலாம்.