தோற்ற மறுநாள் தேடப்படும் கேப்டன்

நண்பர்களே, வணக்கம்.

நம் கால்பந்து அணி தோற்ற மறுநாள் ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சுதான். "களத்துல வாயைத் திறக்க ஒருத்தன் இல்லை." "கையில பட்டை கட்டிட்டா கேப்டனா?" மூன்று கோல் வாங்கிய ஆட்டத்துக்கும் இதே பேச்சு, கடைசி நிமிடத்தில் ஒன்றே ஒன்று வாங்கிக் கோட்டைவிட்ட ஆட்டத்துக்கும் இதே பேச்சு. எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை எழுதித் தருகிற கதை! தலைமை இல்லை என்ற புகார் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பல சமயம் அது உண்மைதான். ஆனால் எந்த நிமிடத்தில், களத்தின் எந்தப் பகுதியில், எந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் போனது என்று காட்ட முடியாவிட்டால், அந்தப் புகாரை வைத்துக்கொண்டு ஒரு பயிற்சியாளர் எதைத் திருத்துவார்?

முதலில் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிடுவோம். கேப்டனுக்குத் தனி அந்தஸ்தோ சலுகையோ கிடையாது, அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு உண்டு என்பதோடு அது முடித்துக்கொள்கிறது. 2024 யூரோ கோப்பையில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். ரெஃப்ரியிடம் விளக்கம் கேட்கக் கேப்டன் மட்டுமே போகலாம், மற்றவர்கள் போய்ச் சூழ்ந்தால் மஞ்சள் அட்டை. கோல்கீப்பர் கேப்டனாக இருந்தால், அந்த வேலைக்குக் களத்தில் வேறொருவரை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ரெஃப்ரியைச் சுற்றி நின்று கத்துகிற ஐந்து பேரைப் பார்த்து "இவனுங்ககிட்ட வெறி இருக்கு" என்று நாம் மெச்சிக்கொண்டிருந்த காலம் அதோடு போயிற்று. போனதும் நல்லதே.

சரி, உண்மையான வேலை எங்கே நடக்கிறது? களம் பொதுவாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அரங்கம் நிறைந்து இரைந்துகொண்டிருக்கும்போது ஒரு மனிதனின் குரல் பக்கத்தில் நிற்கும் இரண்டு மூன்று பேரைத் தாண்டாது. இடது ஓரத்தில் ஓடுகிற விங்கர் கேப்டன் எவ்வளவு கத்தினாலும் வலது ஓரத்து டிஃபென்டரான வலது பேக்கின் காதில் விழாது. அதனால் தலைமை என்பதை ஒரு ஆளாக எண்ணாமல், பின்னாலிருந்து முன்னால் போகும் ஒரு சங்கிலியாகப் பாருங்கள். கோல்கீப்பர், டிஃபென்ஸின் நடுவில் நிற்கும் ஒரு சென்டர் பேக், டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டர், முதலில் ஓடிப்போய் அழுத்தம் கொடுக்கும் ஃபார்வர்டு. இந்த நான்கில் ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தி அங்கேயே நின்றுவிடும். கோல்கீப்பர் கேப்டனாக இருக்கக் கூடாது என்று வாதாடுவோர் உண்டு. டீனோ ஸோஃப் 1982இலும், காஸியாஸ் 2010இலும், லோரிஸ் 2018இலும் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கியவர்கள். மூவரும் கோல்கீப்பர்கள்.

இப்போது ஒரே ஒரு காட்சியைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். நம் அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. ஒழுங்காக நிற்கும் அணியில் கடைசி டிஃபென்டருக்கும் முன்னால் நிற்கும் ஃபார்வர்டுக்கும் நடுவே 30, 35 மீட்டர் இருக்கும். கோல் வாங்கியதும் என்ன ஆகிறது? பந்தைப் பறிக்கும் அவசரத்தில் ஃபார்வர்டு பத்து மீட்டர் முன்னேறுகிறான். இன்னொன்று வாங்கிவிடுவோமோ என்ற பயத்தில் சென்டர் பேக் பத்து மீட்டர் பின்வாங்குகிறான். இருவரும் அவரவர் கணக்கில் சரியாகத்தான் செய்கிறார்கள். ஆனால் நடுவே 50, 55 மீட்டர் விழுந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் எதிரணிக்காரன் பந்தை வாங்கி, நிதானமாகத் திரும்பி, தலை நிமிர்ந்து பார்த்து பாஸ் கொடுக்கிறான். நமக்குத் தொலைக்காட்சியில் தெரிவது, மிட்ஃபீல்டில் இரண்டு பேர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அல்லாடுவது மட்டும். "இவனுங்களுக்கு மனசே இல்லை" என்று அவர்களைத் திட்டுகிறோம். பாவம், அந்த இருவர்தான் அன்று அதிகம் ஓடியிருப்பார்கள்.

இங்கே தேவைப்படுவது வீர உரை கிடையாது, ஒரே ஒரு சொல். "ஏறு" அல்லது "பொறு". ஏறு என்றால் டிஃபென்ஸ் கோடு மொத்தமாக முன்னே வரும். பொறு என்றால் ஃபார்வர்டு திரும்பி வருவான். இரண்டில் எதுவானாலும் பரவாயில்லை. பாதிப்பேர் ஏறிப் பாதிப்பேர் நின்றால்தான் குடி கெடும். எப்போது ஏறுவது என்பதற்கும் கணக்கு உண்டு. எதிரணி பந்தைப் பின்னோக்கி பாஸ் செய்யும்போது, பந்து வைத்திருப்பவன் தன் கோல் பக்கமாக முகம் வைத்திருக்கும்போது, நாம் அடித்து விரட்டிய பந்து தூரப் போய்க்கொண்டிருக்கும்போது ஏற வேண்டும். அவன் தலை நிமிர்ந்திருந்து, பக்கத்தில் யாரும் நெருக்கவில்லை என்றால் இறங்க வேண்டும். சத்தம் ஒரு நொடி தாமதித்தால் மூன்று பேர் ஏற, நான்காமவன் நின்றுவிடுவான். நம் கோட்டைத் தாண்டி நின்று ஆஃப்சைடில் மாட்ட வேண்டிய எதிரணிக்காரன், அந்த ஒருவனால் தப்பிவிடுவான். மறுநாள் திட்டு வாங்குபவனும் அவனே. சத்தம் கொடுக்க வேண்டியவனை யாரும் தேடுவதில்லை.

இன்னொரு இடம், மூலையிலிருந்து எதிரணி நம் கோலை நோக்கி உதைக்கும் கார்னர். ஆளுக்கு ஆள் பிடிக்கும் முறையில் ஒவ்வொருவருக்கும் ஒருவன் ஒதுக்கப்பட்டிருப்பான். எதிரணியின் உயரமானவனைப் பிடித்துக்கொண்டிருந்த நம் ஆளை மாற்றி ஒரு குள்ளமான விங்கரை இறக்கினால், அந்த உயரமானவன் யார் பொறுப்பு? உள்ளே வருபவனுக்குக் களத்தின் ஓரத்தில், யார் யாரைப் பிடிப்பது என்று எழுதிய தாளைக் காட்டித்தான் அனுப்புவார்கள். ஆனால் அதே நேரத்தில் எதிரணியும் ஒருவனை மாற்றினால் அந்தத் தாள் செல்லாக்காசு. பந்து வைக்கப்பட்டு, உதைக்கப்படுவதற்குள் பத்துப் பதினைந்து நொடி இருக்கும். அதற்குள் ஒருவன் எண்ணிப் பார்த்து, "நீ அவனைப் பிடி, நீ முதல் கம்பத்துக்குப் போ" என்று ஆளைத் தோளில் பிடித்துத் தள்ள வேண்டும். கார்னரைத் தடுக்கும்போது ஆள் மாற்றாதே என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்வது இதனால்தான்.

கோல் வாங்கிய பிறகு ஆட்டம் மீண்டும் தொடங்க ஏறக்குறைய ஒரு நிமிடம் கிடைக்கிறது. அதை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1958 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சுவீடன் நான்காவது நிமிடத்திலேயே பிரேசிலுக்கு ஒரு கோல் போட்டது. பிரேசில் மிட்ஃபீல்டர் டிடி பந்தை எடுத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் நடு வட்டத்துக்கு நடந்தார். ஐந்தே நிமிடத்தில் வாவா சமன் செய்தார். பிரேசில் 5-2 என்று வென்றது. அன்று கைப்பட்டை டிடியிடம் இல்லை, கேப்டன் பெலினி.

அதே பிரேசில், 2014 ஜூலை 8, பெலோ ஹொரிசாண்டே, ஜெர்மனியுடன் உலகக் கோப்பை அரையிறுதி. கேப்டன் தியாகோ சில்வாவுக்குத் தடை, நெய்மாருக்குக் காயம். தேசிய கீதத்தின்போது நெய்மாரின் சட்டையைத் தூக்கிப் பிடித்தார்கள். உணர்ச்சிக்கு அன்று பஞ்சமே இல்லை. 11ஆம் நிமிடம் கார்னரில் முல்லரைத் தனியாக விட்டார்கள். பிறகு 23, 24, 26, 29 ஆகிய நிமிடங்களில் நான்கு கோல். ஒவ்வொரு முறையும் பந்தை வைத்து உடனே முன்னால் பாய்ந்தார்கள், பின்னால் கதவு திறந்தே கிடந்தது. 26ஆம் நிமிட கோல், ஃபெர்னாண்டினியோவிடமிருந்து குரூஸ் பறித்த பந்தில் வந்தது. அந்த ஆறு நிமிடங்களில் யாராவது பந்தின் மேல் காலை வைத்து, கோல்கீப்பர் வரை திருப்பி அனுப்பி, இரண்டு நிமிடம் ஆட்டத்தைச் சாகடித்திருந்தால் 7-1 என்ற எண் பிறந்திருக்குமா? தோற்றிருப்பார்கள்தான். ஜெர்மனி அன்று நல்ல அணி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தலைமையைக் குறை சொல்வதற்கு முன் திட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். 2005 மே 25, இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். இடைவேளையில் மிலானிடம் லிவர்பூல் 0-3. கேப்டன் ஜெரார்டின் வீரத்தால் மீண்டார்கள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். முதல் பாதியில் டிஃபென்ஸுக்கு முன்னால் மிலானின் மிட்ஃபீல்டர் காக்கா இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். இடைவேளையில் டிஃபென்டர் ஃபின்னனை எடுத்துவிட்டு மிட்ஃபீல்டர் ஹாமனை, காக்கா ஓடிய அந்த இடத்தில் நிறுத்தினார்கள், பின்னால் மூன்று பேர் ஆனார்கள், ஜெரார்டு முன்னே போக வழி கிடைத்தது. 54, 56, 60ஆம் நிமிடங்களில் மூன்று கோல். ஹாமன் வராமல் ஜெரார்டு மட்டும் தொண்டை கிழியக் கத்தியிருந்தால் நான்காவதும் வாங்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம். அதே ஆட்டத்தில் ஜெரார்டின் தலைமை எனக்குத் தெரிவது, கோல் போட்ட இடத்தில் இல்லை. மிலான் அணி செர்ஜினியோவை இடது ஓரத்தில் இறக்கியதும், அவரைத் தடுக்க வலது பக்கம் டிஃபென்டராகப் போய் நின்று, கூடுதல் நேரத்திலும் ஓடினாரே, அங்கே.

ஆகவே அடுத்த முறை தோற்ற ஆட்டத்தின் பதிவைத் திரும்பப் பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கோலுக்கும் பிந்தைய ஐந்து நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோல்கீப்பரின் கை எங்கே காட்டுகிறது, சென்டர் பேக் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்களா, முன்னுக்கும் பின்னுக்கும் எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்று பேருக்கு எதிராக நம் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தால் கடிதத்தைப் பயிற்சியாளருக்கு எழுதுங்கள், கேப்டனை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். "நம்ம கேப்டன் சரியில்லை" என்று தொடங்குபவர்கள் எந்த ஆட்டம், எத்தனையாவது நிமிடம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.