25,000 ரூபாய் இயர்பட்ஸில் தொப்பி எங்கே?

[காட்சி: சேலம், குகை. ஒரு வீட்டுத் திண்ணை. மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவையைக் குழைத்து ஒட்டும் வயதான கைகள்.]

"ஏன் கண்ணு, தொப்பியைக் காணோமே?"

பெரியப்பா கேட்ட முதல் கேள்வி இது. மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர், வலப்பக்கம் வலந்தலை. அவர் காதில் இருந்தது நண்பரிடம் இரவல் வாங்கிய 25,000 ரூபாய் இயர்பட்ஸ். அதில் ஓடியது, முந்தைய நாள் மாலை இதே திண்ணையில் நல்ல மைக் வைத்து நான் பதிவு செய்த அவருடைய வாசிப்பு. வலந்தலை கணீரென்று வந்தது. வலது கையின் சாப்பு என்ற தட்டு வெட்டி விழுந்தது. ஆனால் இடது கை எழுப்பும் அந்தத் 'தொம்', நேரில் கேட்டால் வயிற்றுக்குள் இறங்கும் ஒலி, அடியோடு இல்லை. நாற்பது ஆண்டுகளாகப் பஜனை மடத்திலும் கோயிலிலும் வாசித்தவருக்குத் தன் இடது கை காணாமல் போனது இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே, அதாவது தாளத்தின் இரண்டாவது சுற்றிலேயே, தெரிந்துவிட்டது.

பெட்டியில் கூடவே வந்திருந்த பெரிய ரப்பர் முனைகளை எடுத்து மாட்டிக் கொடுத்தேன். அதே பதிவு, அதே ஒலியளவு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவருடைய இடது கை தானாகத் தொடைமேல் போய், தொப்பியில் தேய்த்து எழுப்பும் கும்கியை இழுத்தது.

[காட்சி: மூன்று அளவு ரப்பர் முனைகள், உள்ளங்கையில்.]

பெரியப்பா அப்படிக் கேட்டிராவிட்டால் "இந்த இயர்பட்ஸில் பேஸ் (தாழ்ந்த ஒலி) குறைவு" என்று நான் உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருப்பேன். நேரில் பழகிய ஒலி ஒன்று கையில் இல்லாமல் எந்த இயர்பட்ஸையும் எடை போட முடியாது. இந்த வீடியோவில் நான் சொல்ல வருவது அதைத்தான்.

முதலில் அந்தத் தொப்பி எங்கே போயிற்று என்று பார்த்துவிடலாம். காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரை உள்ள குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். இயர்பட் அதன் வாயை அடைத்துக்கொண்டு, உள்ளே சிக்கிய சிறிதளவு காற்றை அழுத்தியும் தளர்த்தியும் ஒலி உண்டாக்குகிறது. தாழ்ந்த ஒலிக்கு இந்த அழுத்தம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அழுத்தம் ஏறுவதற்குள் காற்று அந்த வழியே கசிந்துவிடுகிறது. உயர்ந்த ஒலிகளில் அதிர்வு மிக வேகமானது, கசிய நேரம் கிடையாது. அதனால் வலந்தலை தப்பிக்கிறது, தொப்பி தொலைகிறது.

அடைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இயர்பட்ஸை மாட்டி, அணைத்து வைத்துவிட்டு, வாயை மூடி 'ம்...' என்று ஓசை எழுப்புங்கள். உங்கள் குரல் மண்டைக்குள் கும்மென்று நிறைந்தால் அடைப்பு சரி. ஒரு காதில் நிறைந்து மறு காதில் நிறையவில்லை என்றால் அந்தப் பக்கத்து முனையை மாற்றுங்கள். பலருக்கு இரண்டு காதுகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனக்கு வலது காதுக்கு நடுத்தர அளவு, இடது காதுக்குப் பெரியது. இது தெரியாமல் மூன்று ஆண்டுகள் பாட்டுக் கேட்டிருக்கிறேன்.

[காட்சி: மிருதங்கத்தின் வலந்தலை, மிக அருகில். நடுவே சாதம் எனப்படும் கரிய பூச்சு.]

எதை வைத்துச் சோதிப்பது? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மைக், ஸ்பீக்கர் எதுவும் இல்லாமல் நீங்கள் நேரில் பலமுறை கேட்ட ஒலியை வைத்துச் சோதியுங்கள். கணினியில் உருவாக்கிய இசைக்கு மூல ஒலி என்று ஒன்று அறையில் எங்கும் இருந்ததில்லை. அதன் பேஸ் கூடுதலா, குறைவா என்று எதனோடு ஒப்பிடுவீர்கள்? நாதஸ்வரமோ, தவிலோ, உங்கள் அக்கா பாடும் பாட்டோ எதுவாக இருந்தாலும் சரி. சுகவனேஸ்வரர் கோயில் பிராகாரத்தில் நின்று நாதஸ்வரம் கேட்டவருக்கு, அதன் கூர்மை எந்த அளவோடு நிற்க வேண்டும் என்பது காதில் பதிந்திருக்கும். இயர்பட்ஸில் அது பல் கூசுவது போல் வந்தால் அங்கே உயர் ஒலிகளைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

எனக்கு மிருதங்கம். அதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அதனால்தான் பெரும்பாலான முரசுகளுக்குத் தெளிவான சுருதி கிடையாது. மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கரிய சாதம் அந்த மேல்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, கம்பி வாத்தியம் போல் இசைவாக ஒலிக்கச் செய்கிறது. இதை ஆராய்ந்து சி.வி. ராமன், 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார். ஆகவே ஒரு நல்ல 'தீம்' தட்டலில் தட்டிய கணத்தின் வெடிப்பு, அதன்பின் நிற்கும் சுருதி, அது கரையும் விதம் மூன்றும் இருக்கின்றன. மலிவான இயர்பட்ஸில் வெடிப்பு மட்டும் கேட்கும், சுருதி மங்கிவிடும். என்னிடம் இருக்கும் 2,000 ரூபாய் இயர்பட்ஸில் 'தீம்' ஒரு தட்டாகக் கேட்கிறது, 25,000 ரூபாயில் ஒரு சுரமாகக் கேட்கிறது. அந்த வேறுபாடு உண்மையானது, அதற்குக் காசு கொடுப்பதில் தவறில்லை.

[காட்சி: கைபேசித் திரை. தம்புரா செயலி.]

ஆனால் ஒப்பிடும்போது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரே பாட்டை இரண்டு இயர்பட்ஸில் கேட்டு, அதில் ஒன்று சற்றே உரக்க ஒலித்தால், 'இதில் தெளிவு அதிகம், பேஸ் அதிகம்' என்று மனம் சொல்லும். உரக்க ஒலிக்கிறது என்று சொல்லாது. 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்: ஒலியளவு குறையக் குறையத் தாழ்ந்த சுரங்களுக்கு நம் காது மந்தமாகிறது. ஒலியைக் கூட்டினால் அவை எழுந்து வருகின்றன. கடையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்.

நான் செய்வது இதுதான். கைபேசியில் தம்புரா செயலியை ஓடவிட்டு, ஒன்றை மாட்டிக் கேட்டு, கழற்றி, மற்றதை மாட்டி, இரண்டும் ஒரே அளவில் கேட்கும்வரை ஒலியளவைத் திருத்துவேன். தம்புரா விட்டுவிட்டு ஒலிக்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் காதுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. அதன்பிறகுதான் பாட்டு. இப்படி ஒலியளவைச் சமன் செய்த பிறகு, 25,000 ரூபாய்க்கும் மற்றொரு நண்பர் தந்த 6,000 ரூபாய்க்கும் இடையே நான் முதலில் கண்ட வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. மீதி இருந்தது அந்தத் 'தீம்' கரையும் விதம் மட்டும்.

ப்ளூடூத் தரம் பற்றி நிறையப் பேசுகிறார்கள், நான் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் எல்டிஏசி (LDAC) என்ற முறை அதிகபட்சம் 990 வரை அனுப்பும். கைபேசி, இயர்பட்ஸ் இரண்டிலும் அது இருக்க வேண்டும், ஐபோனில் இல்லை. புதிய பஸ் நிலையம் போல அலைகள் நெரியும் இடத்தில் அதுவே 330-க்கு இறங்கிவிடலாம். ஏற்கெனவே சுருக்கப்பட்ட பாட்டை எந்த வழியில் அனுப்பினாலும் இழந்தது திரும்ப வராது. ரப்பர் முனை சரியில்லாத காதுக்கு இது எதுவும் உதவாது.

[காட்சி: எதிர்வீட்டு விசைத்தறிக் கூடம். ஊடை நூலைக் கொண்டு செல்லும் நாடா இடமும் வலமும் பாய்கிறது.]

இரைச்சல் நீக்கத்துக்கு எங்கள் தெருவை விடக் கடுமையான தேர்வு மையம் கிடையாது. எதிர்வீட்டில் தறி ஓடுகிறது. இரைச்சல் நீக்கத்தின் அடிப்படை பழையது. பால் லூக் என்ற ஜெர்மானியருக்கு 1936-இலேயே அமெரிக்கக் காப்புரிமை கிடைத்துவிட்டது. வெளி ஒலியை மைக் கேட்கும், அதற்கு நேரெதிரான அலையை உள்ளே எழுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று தணிக்கும். ஏற்காடு பஸ் முதல் கியரில் ஏறும்போது வரும் ஒரே சீரான உறுமல் என்றால் இது அருமையாக வேலை செய்கிறது. உறுமல் அப்படியே தரைக்குள் போய்விடும். தறி வேறு. மோட்டாரின் ரீங்காரம் போய்விடுகிறது. நாடா மோதும் 'டடக் டடக்' போகவில்லை. திடீரென்று வெடித்து மறையும் ஒலியிலும் மிக உயர்ந்த ஒலிகளிலும் எதிரலை பின்தங்கிவிடுகிறது. அவற்றைத் தடுப்பது ரப்பர் முனையின் அடைப்புதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் அம்மா இருபது ஆண்டுகள் தறியில் நின்றவர். இப்போது அவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்பதில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் அதே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தறிச் சத்தத்துக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஒலியளவை ஏற்றிக்கொண்டே போகும் தம்பிகளே, அது வேண்டாம். போன கேள்வித்திறன் திரும்பி வராது.

[காட்சி: ஏற்காடு. காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி.]

கடைசிச் சோதனைக்குச் சேர்வராயன் மலைக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. பாதி வழியில் காது அடைத்துக்கொள்ளும். செவிப்பறையின் இருபுறமும் அழுத்தம் சமமாக இல்லாதபோது அது விறைத்து நிற்கிறது, முக்கியமாகத் தாழ்ந்த ஒலிகள் மங்கிவிடுகின்றன. மேலே இறங்கியதும் இயர்பட்ஸை மாட்டினேன், தொப்பி மறுபடியும் காணோம்! எச்சிலை விழுங்கி, கொட்டாவி விட்டு, ஏரிக்கரையில் ஒரு காப்பி குடித்து, காது 'பொட்'டென்று திறந்த பிறகு மாட்டினேன். தொப்பி திரும்பிவிட்டது. சளி பிடித்திருக்கும் நாளிலும் இதேதான், அன்றைக்கு எந்த இயர்பட்ஸைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மலைக்குப் போனதன் காரணம் அமைதி. கீழே மின்விசிறியும் தறியும் மறைத்துவிடும் ஒன்று இங்கே கேட்கும். இரைச்சல் நீக்கத்தைப் போட்டு, பாட்டு எதுவும் ஓடவிடாமல் உட்கார்ந்தால் சில இயர்பட்ஸில் மெல்லிய 'ஸ்ஸ்' என்ற ஓசை ஓடிக்கொண்டே இருக்கும். 6,000 ரூபாயில் அது இருந்தது. 25,000 ரூபாயில் இரண்டு நிமிடம் உற்றுக் கேட்டும் எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. தூரத்தில் யாரோ காப்பிச் செடியைக் கவாத்து செய்யும் 'கிளிக்' மட்டும் வந்தது. தம்புரா ஓய்ந்து கரையும் கடைசி நொடிகள் அந்த 'ஸ்ஸ்' ஓசையில்தான் மூழ்கிப் போகின்றன. தனியாக, இரவில், மெல்லிய ஒலியில் கேட்பவர் என்றால் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். பஸ்ஸில் மட்டும் கேட்பவருக்கு வேண்டியதில்லை.

[காட்சி: மீண்டும் குகைத் திண்ணை. மாலை.]

மலையிலிருந்து இறங்கி வந்து, 25,000 ரூபாய் இயர்பட்ஸைப் பெரிய முனைகளோடு பெரியப்பாவிடம் மறுபடியும் கொடுத்தேன். இந்த முறை முழுப் பதிவையும் கேட்டார், இருபத்திரண்டு நிமிடம். கழற்றி என் கையில் வைத்தார்.

"பாதிக்கு மேல ரவை காய்ந்துவிட்டது பார். தொப்பி கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. வாசிக்கும்போது எனக்கே தெரியவில்லை."

ரவை காய்ந்தால் ஈரத்தின் எடை குறையும், சுருதி ஏறும். நான் திரும்பப் போட்டுக் கேட்டேன். பதினான்காவது நிமிடத்துக்குப் பிறகு, உண்மைதான், தொப்பி இம்மியளவு ஏறியிருந்தது. 6,000 ரூபாயிலும் கேட்டுப் பார்த்தேன், தேடினால் அதிலும் இருக்கிறது.

"நாளைக்கு மறுபடியும் பதிவு செய்யலாம் கண்ணு. கொஞ்சம் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்" என்றார்.

[காட்சி: உலர்ந்த ரவையைத் தொப்பியிலிருந்து சுரண்டி எடுக்கும் கை.]